பிறக்கும் விதத்தைப் பார்த்தவர்

பூஞ்சை உலகம் – வரலாற்றுத் தொடர் – 12

சென்ற வாரம் எட்வின் ஜான் பட்லரைக் கப்பலேற்றி அனுப்பினோம். 1901-ல் இந்தியாவுக்கு வந்தவர், பிஹாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் அரசின் பூஞ்சையியலாளராக இருந்து, வயல் வயலாக அலைந்து, 1918-ல் ‘பூஞ்சைகளும் தாவர நோயும்’ நூலை எழுதினார். 1920-ல் லண்டனை அடுத்த கியூவில் தொடங்கிய பூஞ்சையியல் நிலையத்துக்குத் தலைமை ஏற்கப் போனார். 1931-ல் அவரும் கை பிஸ்பியும் சேர்ந்து இந்தியப் பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை அச்சில் கொண்டுவந்தார்கள்.

அந்தக் காலத்தில் இங்கே ஒருவர் கையில் புதுப் பூஞ்சை சிக்கினால், மாதிரியைக் காகித உறையில் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்புவதுதான் வழக்கம். அது புதிதா பழையதா, எந்தப் பேரினத்தில் சேரும், என்ன பெயர் பெறும் என்பதையெல்லாம் பெர்லினிலோ கியூவிலோ யாராவது சொல்வார்கள். சேகரிப்பு நம்முடையது, தீர்ப்பு அவர்களுடையது. தீர்ப்பு சொல்லும் மேஜைக்கு இந்தியாவிலிருந்து ஒருவர் போய் உட்கார்ந்த கதைதான் இந்த வாரம். பட்டியலில் பெயர்களைக் கூட்டியதோடு அவர் நிற்கவில்லை. பட்டியலையே எந்த ஒழுங்கில் போடவேண்டும் என்று கேட்டார்.

கொச்சியிலிருந்து மதராஸுக்கு

சிறயத்துமடம் வெங்கடாசலய்யர் சுப்பிரமணியன் 1924 ஆகஸ்ட் 11 அன்று கொச்சியில் பிறந்தார். துறையில் எல்லோருக்கும் அவர் சி.வி.எஸ். கேரளத்தில் குடியேறிய தமிழ் ஐயர் குடும்பங்களில் வீட்டுப் பெயர் ‘மடம்’ என்று முடிவது வழக்கம்.

அன்றைய கொச்சி தனிச் சமஸ்தானம். அரச குடும்பம் திருப்பூணித்துறையில், அரசு அலுவலகங்கள் எர்ணாகுளத்தில், மிளகும் சுக்கும் கொப்பரையும் அடுக்கிய கிடங்குகள் மட்டாஞ்சேரியில். இடவப்பாதி மழை ஜூனில் தொடங்கினால் துலாவர்ஷம் முடியும்வரை ஊரில் எதுவும் முழுதாகக் காயாது. கொப்பரையை வெயிலில் பரப்பி, மேகம் கறுத்தால் அள்ளி, மறுபடி பரப்பி என்று ஆட்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு நாள் தவறினால் போதும்: பச்சையும் மஞ்சளும் கறுப்புமாகப் பூப்பல் பிடித்துவிடும். தோல் செருப்பு, துணிப்பெட்டி, புத்தக அட்டை எதையும் அது விட்டுவைக்காது. பூஞ்சையைத் தேடிப் போகவேண்டிய ஊர் இல்லை அது.

கொச்சிக்கும் மதராஸுக்கும் அப்போது இரண்டு பாலங்கள் இருந்தன. ஒன்று ரயில். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளம் வரை 1902-ல் பாதை திறந்தது. அதற்குப் பணம் போதாமல் ராஜா ராமவர்மா திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று அந்த ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். மற்றொன்று பல்கலைக்கழகம். கொச்சி சமஸ்தானத்தின் கல்லூரிகள் அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. படிப்பில் மேலே போக நினைத்த கொச்சிப் பையனுக்கு மதராஸ் வேற்றூர் இல்லை.

மதராஸில் சி.வி.எஸ். வந்து சேர்ந்த இடம் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடம். பாசிகளின் ஆய்வில் பெயர்பெற்ற எம்.ஓ.பி. ஐயங்கார் அதை உருவாக்கி, முதல் இயக்குநராக இருந்து வளர்த்திருந்தார். 1944-ல் பொறுப்புக்கு வந்தவர் டி.எஸ். சதாசிவன். இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் நிலையத்தில், மண்ணில் புதைந்த கோதுமைத் தாளை எந்தப் பூஞ்சை எந்த வரிசையில் வந்து மட்க வைக்கிறது என்று ஆராய்ந்துவிட்டு வந்தவர். நோயை இலையில் மட்டும் பார்க்காமல் மண்ணில் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவருடைய மாணவரானார் சி.வி.எஸ்.

ஆசிரியர் கொடுத்த வேலை பருத்தி வாடல் நோய். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை மண்ணில் காத்திருக்கும். வேர் வழியாக நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களுக்குள்ளேயே குடியேறும். காலையில் நன்றாக நின்ற செடி உச்சி வெயிலில் தலை தொங்கும். சில நாளில் இலை மஞ்சளித்து உதிரும். தண்டைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால் உள்ளே பழுப்பு வளையம் தெரியும். எந்த மண்ணில் இந்தப் பூஞ்சை தழைக்கிறது, எதில் ஒடுங்குகிறது என்ற கேள்விக்கு சி.வி.எஸ். எழுதிய நீண்ட கட்டுரை 1950-ல் இந்திய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது.

தாவர நோயியலில் அப்படியே தொடர்ந்திருக்கலாம். ஆனால் மண்ணைக் கரைத்துத் தட்டில் ஊற்றினால் ஃபியூசேரியம் மட்டும் வருவதில்லை. கூடவே நூறு பூஞ்சைகள் வருகின்றன. அவை யார் யார் என்று தெரியாமல் மண்ணின் கதையை எப்படிச் சொல்வது? அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

அரைகுறை என்று ஒதுக்கியவை

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். 1860-களில் பிரான்ஸின் துலான் சகோதரர்களும் ஜெர்மனியின் ஆன்டன் டி பாரியும் ஒரே பூஞ்சை இரண்டு மூன்று உருவங்களில் வாழும் என்று காட்டியிருந்தார்கள். ஒரு பருவத்தில் ஆண்-பெண் கலப்பின்றித் தூள் தூளாக வித்துகளை உதிர்க்கும். இன்னொரு பருவத்தில் கலப்பு நடந்து, வேறு வடிவக் கூட்டுக்குள் வேறு வகை வித்துகளை உண்டாக்கும். இரண்டும் கண்ணுக்கு வெவ்வேறு உயிரினம் போலவே இருக்கும்.

பூஞ்சைகளின் குடும்ப உறவைக் கலப்புப் பருவத்தை வைத்தே தீர்மானித்தார்கள். ஆனால் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளுக்கு அந்தப் பருவத்தை யாருமே பார்த்ததில்லை. உதிரும் தூள் மட்டுமே தெரியும். 1870-ல் ஃபுக்கெல் அவற்றுக்கெல்லாம் ‘முழுமை பெறாத பூஞ்சைகள்’ என்று ஒரு பெயரை வைத்தார். வகைப்பாட்டின் கொல்லைப்புறம் அது. இடம் தெரியாதவர்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்த் தள்ளினார்கள்.

தள்ளப்பட்டவை சாதாரணமானவை அல்ல. பெனிசிலின் தந்த பெனிசிலியம் அங்கேதான் இருந்தது. ஈரக் கடலையிலும் கொப்பரையிலும் அஃப்ளாடாக்சின் நஞ்சை உண்டாக்கும் அஸ்பெர்ஜிலஸ் அங்கே இருந்தது. பருத்தியை வாட்டிய ஃபியூசேரியமும், தஞ்சாவூர் நெல்லைக் கருக்கிய குலைநோய்ப் பூஞ்சையும் அங்கேதான்.

இந்தக் கூட்டத்துக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தவர் இத்தாலியின் சக்கார்டோ. 1882-லிருந்து தொகுதி தொகுதியாக வெளிவந்த அவருடைய பேரகராதியில் வித்தின் நிறம், வடிவம், அறைகளின் எண்ணிக்கை ஆகியவையே அளவுகோல். நிறமற்றது ஒரு பக்கம், கறுத்தது ஒரு பக்கம். ஓர் அறை, ஈரறை, பல அறை. நட்சத்திரம் போன்றது, சுருண்டது, நூல் போன்றது. தேடிக் கண்டுபிடிக்க வசதியான ஏற்பாடு. ஆனால் சொந்தக்காரர்களை அது பிரித்துவிடும், அந்நியர்களைச் சேர்த்துவிடும். வளர்க்கும் ஊட்டத்தை மாற்றினாலோ வயது கூடினாலோ நிறமே மாறிவிடுகிற பூஞ்சைகளை நிறத்தை வைத்துப் பிரித்தால் வேறென்ன ஆகும்?

1953-ல் இதை உடைத்தது ஒரு கட்டுரை. எழுதியவர் ஸ்டான்லி ஜான் ஹியூஸ். வேல்ஸ்காரர், கியூவிலிருந்து கனடாவின் ஒட்டாவாவுக்குப் போனவர். வித்து எப்படி இருக்கிறது என்பதை விடுங்கள், அது எப்படி உண்டாகிறது என்று பாருங்கள் என்றார். அந்த அடிப்படையில் எட்டுப் பிரிவுகளை முன்வைத்தார். ஜப்பானில் துபாகி 1958-ல் அதை மேலே கொண்டுபோனார். மதராஸில் அதே கேள்வியைக் கையில் எடுத்தவர் சி.வி.எஸ்.

நுண்ணோக்கியின் கீழே

எப்படி உண்டாகிறது என்று பார்ப்பது சொல்வதுபோல் எளிதல்ல. கண்ணாடித் தட்டில் ஈரமான வடிதாளைப் போட்டு, அதன்மேல் காய்ந்து விழுந்த இலையை வைத்து மூடிவிடவேண்டும். சில நாளில் இலைமேல் மயிர்போல ஏதோ முளைக்கும். ஊசி முனையால் அதில் ஒரு கொத்தைக் கிள்ளி, லாக்டோஃபீனால் நீலச் சாயத் துளியில் மிதக்கவிட்டு, மேலே மெல்லிய கண்ணாடியைப் பதமாக வைத்து நுண்ணோக்கியின் கீழே தள்ளவேண்டும். கொஞ்சம் அழுத்தினாலும் வித்தெல்லாம் கழன்று ஓடிவிடும். கழன்ற வித்தைப் பார்த்து அது எப்படி ஒட்டியிருந்தது என்று சொல்லமுடியாது. ஆகவே ஒட்டியிருக்கும் ஒன்றையும், அரைகுறையாக வளர்ந்த ஒன்றையும், இப்போதுதான் துளிர்க்கும் ஒன்றையும் தேடிப்பிடித்து, கேமரா லூசிடா என்ற வரைகருவி வழியாகக் காகிதத்தில் வரையவேண்டும்.

அப்படிப் பார்த்தால் தெரிவது இதுதான். சில பூஞ்சைகளில் இழையின் நுனி மொட்டுவிட்டு ஒரு வித்தாகும். அந்த வித்தின் நுனியில் இன்னொரு மொட்டு, அதன் நுனியில் இன்னொன்று. இந்தச் சங்கிலியில் இளையது நுனியில் இருக்கும். கிளாடோஸ்போரியம் அப்படி. வேறு சிலவற்றில் குறுகிய கழுத்துள்ள குடுவை வடிவச் செல் ஒன்று இருக்கும். ஃபியாலைடு என்று அதற்குப் பெயர். முறுக்கு உழக்கில் மாவு இறங்குவதுபோல அதன் வாயிலிருந்து வித்து ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளப்படும். இங்கே மூத்தது நுனியில், இளையது அடியில். பெனிசிலியத்திலும் அஸ்பெர்ஜிலஸிலும் நாம் பார்க்கும் பச்சைத் தூள் இப்படி வந்ததுதான். இன்னும் சிலவற்றில் தாய்ச்செல்லின் சுவரில் நுண்ணிய துளை விழுந்து அதன் வழியே வித்து பிதுங்கும். சிலவற்றில் இழையே துண்டு துண்டாக உடைந்து ஒவ்வொரு துண்டும் வித்தாகும்.

கழன்று கிடக்கும்போது இவை நான்கும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவத்தில் இருக்கக்கூடும். பிறப்பைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும்.

சி.வி.எஸ். 1952 முதல் ‘மதராஸின் முழுமை பெறாத பூஞ்சைகள்’ என்ற தலைப்பில் தொடர் கட்டுரைகளை எழுதினார். அவருக்குத் தொலைதூரக் காடு தேவைப்படவில்லை. ‘ஒதி பெருத்தால் உத்தரம் ஆகுமா’ என்று நாம் பழித்துவைத்திருக்கும் ஒதியமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மரத்திலிருந்து கிடைத்த ஒரு பூஞ்சையை வைத்து 1952-ல் பெல்ட்ரானியெல்லா என்ற புதுப் பேரினத்தையே அவர் நிறுவினார். அந்த மரத்தின் பெயரே சிற்றினப் பெயராக, பெல்ட்ரானியெல்லா ஒடினே என்று நிலைத்தது. இலைக்குப்பையிலிருந்து அந்தப் பேரினத்தில் புதுப்புது இனங்களை உலகின் வெப்பநாடுகளில் இன்றும் கண்டெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1962-ல் அவர் தம் வகைப்பாட்டை வெளியிட்டார். ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் மூன்றே பக்கம், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் இதழில் விரிவான கட்டுரை. ஹியூஸ் எட்டுப் பிரிவாகப் பிரித்துக் காட்டியதோடு நின்றிருந்தார். சி.வி.எஸ். அந்த அடிப்படையில் குடும்பங்களையே அமைத்து, வித்து பிறக்கும் விதமே முதல் அளவுகோல், நிறமும் வடிவமும் பிறகுதான் என்று முறையாக வகுத்தார். 1965-ல் அவருக்கு உயிரியலுக்கான பட்நாகர் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை உயிரியலில் முதன்முதலாக, 1960-ல், பெற்றவர் அவருடைய ஆசிரியர் சதாசிவன்.

ஒரு நெல் நோயும் நான்கு பெயர்களும்

வகைப்பாடு என்றால் ஏதோ அருங்காட்சியக வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பூஞ்சையின் வரலாறு.

நெல்லில் பழுப்புப் புள்ளி நோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு 1900-ல் ஜாவாவில் ப்ரீடா டி ஹான் ஹெல்மின்தோஸ்போரியம் ஒரைசே என்று பெயரிட்டார். 1942-ல் வங்காளத்தில் இந்த நோய் பெரிய அளவில் பரவியது. அடுத்த ஆண்டு பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். போரும், அரிசி விலையும், அரசின் கொள்கையும் அதில் எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்பது இன்றும் ஓயாத விவாதம். பூஞ்சையின் பங்கை 1973-ல் வலியுறுத்தி எழுதியவர் நெல் நோயியலாளர் எஸ்.ஒய். பத்மநாபன். உணவு இல்லாததல்ல, அதை வாங்கும் வழி இல்லாததே முதன்மைக் காரணம் என்றார் அமர்த்தியா சென்.

பூஞ்சையியலாளருக்கு இதில் வேறொரு சிக்கல். ஹெல்மின்தோஸ்போரியம் என்ற பேரினத்தின் மூல உருவம் பட்டுப்போன மரக்கட்டையில் வாழ்வது. அதன் வித்துத்தாங்கி ஒரு கட்டத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியே வித்துகளை விடும். நெல், சோளம், மக்காச்சோளம் போன்ற புல்லினங்களில் நோய் தருபவற்றில் தாங்கி நிற்பதே இல்லை. ஒரு வித்தை விட்டுவிட்டு, பக்கத்தில் ஒதுங்கி வளர்ந்து அடுத்ததை விடும், மறுபடி ஒதுங்கும். இதனால் தாங்கி வளைந்து வளைந்து முழங்கால் போட்டு நிற்கும். வித்து இரண்டிலும் ஒன்றுபோலிருந்தாலும் பிறப்பு வேறு. அப்படியானால் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருப்பது தவறு.

1966-ல் சி.வி.எஸ்ஸும் பி.எல். ஜெயினும் புல்லின நோய்ப் பூஞ்சைகளில் பலவற்றை ட்ரெக்ஸ்லெரா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். நெல் பூஞ்சை ட்ரெக்ஸ்லெரா ஒரைசே ஆனது. 1970, 80-களில் வேளாண் கல்லூரிகளில் படித்தவர்கள் இந்தப் பெயரைத்தான் மனப்பாடம் செய்தார்கள். ஆனால் கனடாவின் ஷூமேக்கர் 1959-லேயே இந்தக் கூட்டத்தை இன்னும் நுணுக்கமாகப் பிரித்திருந்தார். இரு முனைகளிலிருந்து மட்டும் முளைவிடும் வித்துகளை பைபோலாரிஸ் என்றும், எந்த அறையிலிருந்தும் முளைவிடுபவற்றை ட்ரெக்ஸ்லெரா என்றும் வைத்தார். காலப்போக்கில் நிலைத்தது ஷூமேக்கரின் பிரிப்பு. இதே பூஞ்சையின் கலப்புப் பருவத்துக்கு கோக்லியோபோலஸ் மியாபியானஸ் என்று தனிப் பெயர் வேறு இருந்தது. ஆக ஒரே நோய்க்கு நான்கு பெயர்கள்.

ஹெல்மின்தோஸ்போரியம் தவறு என்று சொன்னதில் சி.வி.எஸ். சரி. எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில் இன்னொருவர் கூடுதலாகச் சரி. அறிவியல் பெரும்பாலும் இப்படித்தான் நகர்கிறது.

வக்ரபீஜாவும் அர்த்தசந்திராவும்

பூஞ்சைப் பெயர்கள் லத்தீன் உருவில் இருக்கவேண்டும் என்பது விதி. மூலச்சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம் என்பதும் விதிதான். ஆனாலும் பழக்கத்தால் எல்லோரும் கிரேக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். சி.வி.எஸ். சமஸ்கிருதத்தில் தேடினார். வளைந்த வித்துள்ள பூஞ்சை வக்ரபீஜா. இரண்டு வகை வித்து தருவது த்வயபீஜா. பல மூட்டுகள் உள்ளது பஹுசந்திகா. பிறைநிலா வடிவம் அர்த்தசந்திரா. தூரிகைபோல மயிர் நிற்பது கூர்ச்சலோமா, அதன் சிற்றினப் பெயர் மத்ரீயா, அதாவது மதராஸ்காரி. ஆசிரியர் சதாசிவன் பெயரில் சதாசிவானியா, ஆய்வுக்கூடத்தை உருவாக்கிய ஐயங்கார் பெயரில் ஐயங்காரினா. வெளிநாட்டு நிபுணர்கள் கட்டுரை வாசிக்கும்போது நாக்கு சுளுக்கிக்கொண்டு இந்தப் பெயர்களைச் சொல்லவேண்டியிருந்தது. பின்னால் வந்த இந்தியர்கள் பலரும் அந்த வழியிலேயே போனார்கள். ச்ருங்கபீஜா போன்றவை அப்படிப் பிறந்தவை.

இதில் வக்ரபீஜா நிற்கவில்லை. நெல் தண்டழுகல் நோயோடு தொடர்புடைய அந்தப் பூஞ்சைக்கு ஜப்பானின் ஹாரா 1939-லேயே நகாடேயா என்ற பேரினத்தை அமைத்திருந்தார். முந்தியவருக்கே உரிமை என்பதால் சி.வி.எஸ்ஸின் பெயர் பின்வாங்கியது. கூர்ச்சலோமாவும் பஹுசந்திகாவும் ஐயங்காரினாவும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

மற்றவர்கள் அவர் பெயரையும் பூஞ்சைகளுக்கு வைத்தார்கள். சுப்பிரமணியோமைசிஸ் இந்தியர் வைத்தது. சுப்பிரமணியுலா, நெதர்லாந்தின் ஃபான் ஆர்க்ஸ் 1985-ல் வைத்தது.

கனநாஸ்கிஸ் மேஜை

1969-ல் கனடாவின் ராக்கி மலையடிவாரத்தில், கனநாஸ்கிஸ் என்ற இடத்தில், பிரைஸ் கென்ட்ரிக் ஒரு கூட்டத்தைக் கூட்டினார். முழுமை பெறாத பூஞ்சைகளை வகைப்படுத்த என்ன அளவுகோல், அதற்கு என்ன சொற்கள் என்று உலகின் நிபுணர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவே அந்தக் கூட்டம். ஆளாளுக்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரே பொருளைப் பேசிய குழப்பத்தைத் தீர்க்கவேண்டியிருந்தது. ஹியூஸ், துபாகி, எல்லிஸ் என்று துறையின் பெரிய தலைகள் வந்திருந்தன. 1971-ல் நூலாக வந்த அந்த விவாதங்களில் ஃபியாலைடு பற்றிய அத்தியாயம் சி.வி.எஸ். எழுதியது. காகித உறையில் மாதிரி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்டுக்கு இது சிறிய தூரமல்ல.

அதே 1971-ல் அவருடைய பெருநூல் ‘ஹைஃபோமைசீட்ஸ்’ டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழக வெளியீடாக வந்தது. 930 பக்கம். செர்கோஸ்போரா குழுவை மட்டும் விட்டுவிட்டு, ஹைஃபோமைசீட்ஸ், அதாவது இழையிலேயே வித்துவிடும் முழுமை பெறாத பூஞ்சைகளில் இந்தியாவில் தெரிந்தவை அனைத்தையும் விவரங்களோடும் படங்களோடும் ஓரிடத்தில் சேர்த்த நூல். 1983-ல் ‘ஹைஃபோமைசீட்ஸ்: வகைப்பாடும் உயிரியலும்’ அகாடமிக் பிரஸ் வெளியீடாக வந்தது.

இடையில் ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தில் சில காலம் இருந்துவிட்டு சென்னைக்கே திரும்பியிருந்தார். பழைய ஆய்வுக்கூடம் அதற்குள் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவில் தாவரவியல் உயராய்வு மையமாகியிருந்தது. சதாசிவனுக்குப் பிறகு அதன் இயக்குநர் ஆனார். கலப்பினக் கரும்பு ஆய்வில் பெயர்பெற்ற தலச்சேரி இ.கே. ஜானகி அம்மாள் தம் கடைசி ஆண்டுகளில், மதுரவாயல் களநிலையத்தில் தங்கி ஆய்வு செய்ததும் இந்த மையத்தின் சார்பில்தான். பிற்காலத்தில் வகைப்பாட்டியலுக்காக மத்திய அரசு ஜானகி அம்மாள் பெயரில் விருது ஏற்படுத்தியபோது, அதைப் பெற்றவர்களில் சி.வி.எஸ்ஸும் ஒருவர்.

மாணவர் பி.பி.ஆர். வித்தலோடு சேர்ந்து காட்டு எலுமிச்சை இலையைப் பின்தொடர்ந்த ஆய்வு அவருடைய மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. மரத்தில் இருக்கும்போதே இலையில் எந்தப் பூஞ்சை இருக்கிறது, பழுத்தபோது எது, உதிர்ந்தபின் எது முதலில் வருகிறது, எது கடைசியில் வந்து மட்கச் செய்கிறது என்று வரிசையாகக் கணக்கெடுத்தார்கள். சதாசிவன் ராத்தம்ஸ்டெட்டில் கோதுமைத் தாளுக்குக் கேட்ட கேள்விதான் அது. இலையும் மண்ணும் மட்டும் நம்முடையவை.

1973-ல் இந்தியப் பூஞ்சையியல் சங்கம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியதில் அவருக்கு முதன்மைப் பங்கு. அதே ஆண்டு சங்கத்தின் இதழ் ‘கவகா’ வெளிவந்தது. இந்திய ஆய்வாளர் தம் கண்டுபிடிப்பைச் சொல்ல இனி வெளிநாட்டு இதழின் வாசலில் மட்டுமே நிற்கவேண்டியதில்லை என்றானது.

பணி ஓய்வுக்குப் பிறகும் ஓயவில்லை. 1992-ல், 68 வயதில், ஸ்போரிடெஸ்மியம் என்ற குழம்பிக் கிடந்த பெரிய பேரினத்தைப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். அதிலிருந்து பிறந்த புதுப் பேரினங்களில் ஒன்று எல்லிசெம்பியா, கியூவின் எல்லிஸ் பெயரில். இன்னொன்று ஸ்டான்ஜெஹியூசியா. நாற்பது ஆண்டுகளுக்கு முன் புதுக் கேள்வியை எழுப்பிய ஸ்டான்லி ஜான் ஹியூஸுக்குச் சென்னைக்காரர் செலுத்திய மரியாதை அது.

டி.என்.ஏ. வந்தபின்

1990-களில் களமே மாறியது. பூஞ்சையின் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு பகுதியை எடுத்துப் படித்தால், கலப்புப் பருவத்தைப் பார்க்காமலேயே உறவு சொல்லிவிடலாம் என்ற நிலை வந்தது. ‘முழுமை பெறாதவை’ என்ற கொல்லைப்புறம் தேவையில்லாமல் போனது. அங்கே கிடந்தவர்கள் அவரவர் குடும்பத்துக்குத் திரும்பினார்கள். 2011-ல் மெல்போர்ன் தாவரவியல் மாநாட்டில், ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று விதி திருத்தப்பட்டது. நெல்லின் பழுப்புப் புள்ளிப் பூஞ்சை இனி பைபோலாரிஸ் ஒரைசே மட்டுமே. கலப்புப் பருவத்தின் பெயரை விட்டுவிட்டு, அரைகுறை என்று பெயரெடுத்திருந்த பருவத்தின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

சி.வி.எஸ்ஸின் அமைப்பையும் டி.என்.ஏ. சோதித்தது. ஃபியாலைடு ஒரே ஒரு பரம்பரையின் சொத்தல்ல. ஒன்றுக்கொன்று தொலைவான பல பரம்பரைகளில் அது இருக்கிறது என்று தெரிந்தது. பிறக்கும் விதம் ஒன்று என்பதால் மட்டும் வம்சம் ஒன்றாகிவிடாது. அவர் 1962-ல் கட்டிய குடும்பங்கள் அப்படியே நிற்கவில்லை. 1972-ல் அஸ்பெர்ஜிலஸின் கலப்புப் பருவங்களுக்கு அவர் அமைத்த பேரினங்களிலும் கதை இரண்டாகப் பிரிந்தது. கீட்டோசார்டோரியா, அஸ்பெர்ஜிலஸுக்குள் கரைந்தது. ஸ்க்லெரோக்ளீஸ்டாவும் வார்குபியெல்லாவும் தனிப் பேரினங்களாகவே டி.என்.ஏ. சோதனையைத் தாண்டி நின்றன.

அப்படியானால் அவர் செய்ததில் என்ன மிச்சம்? மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். கண்ணில் நெல் தாள் குத்தி, கருவிழியில் புண்ணோடு வரும் விவசாயியின் மாதிரியைத் தட்டில் வளர்த்து, சாயமிட்டுப் பார்க்கிறார் நுண்ணுயிரியலாளர். ஃபியாலைடு இருக்கிறதா, இருந்தால் ஒரு வரிசையா இரண்டு வரிசையா, வித்து சங்கிலியாக வருகிறதா, குவியலாக வருகிறதா என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி. வந்திருப்பது ஃபியூசேரியமா அஸ்பெர்ஜிலஸா என்பதை டி.என்.ஏ. முடிவுக்கு முன்பாகவே அந்தக் கண்ணோட்டம் சொல்லிவிடுகிறது. இன்று இந்த வகைப் புதுப் பூஞ்சையை அறிவிக்கும் கட்டுரைகளில், மரபணு வரிசைக்குப் பக்கத்தில் வித்து பிறக்கும் விதத்தின் படமும் பெரும்பாலும் இருக்கும். வகைப்பாட்டை மரபணு எடுத்துக்கொண்டது. அடையாளம் காணும் வேலை, ஹியூஸும் துபாகியும் சி.வி.எஸ்ஸும் வகுத்த பார்வையில்தான் இன்னும் நடக்கிறது.

சி.வி.எஸ். 2016 பிப்ரவரி 5 அன்று, 91 வயதில் மறைந்தார். ‘அரைகுறை’ என்ற வகுப்பு விதிநூலிலிருந்து எடுபட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டே போனார்.

அவர் பூஞ்சைகளை அடையாளம் கண்ட அதே ஆண்டுகளில், பூஞ்சையைக் கொல்லும் மருந்தைத் தேடிக்கொண்டிருந்தார் இன்னொருவர். மைசூர்க்காரர். புணேவை ஒட்டிய பிம்ப்ரியில், அரசின் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலையில் ஹாமைசின் என்ற மருந்தைக் கண்டெடுத்த எம்.ஜே. திருமலாச்சாரின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)